ஆங்கில மரபுத்தொடர்களில் நம் வரலாறு



ஆங்கில மொழியில் உயர்நிலையை எட்ட விரும்பும் மாணவர்களின் கையில் இன்று முதலில் கொடுக்கப்படுவது மரபுத்தொடர்ப் பட்டியல் ஆகும். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். மாணவர்கள் அதனை மனனம் செய்கின்றனர், கட்டுரையில் ஓரிடத்தில் பொருத்துகின்றனர், மதிப்பெண் பெறுகின்றனர். தமிழ்ப்பள்ளியில் செய்யுளும் மொழியணியும் பயின்ற பிள்ளைகளுக்கு இம்முறை புதிதன்று. மரபுத்தொடர், உவமைத்தொடர், இரட்டைக்கிளவி, பழமொழி என அனைத்தையும் அவர்கள் இவ்வாறே பயின்று வந்துள்ளனர்.

பட்டியல் பயனற்றது என்று யாம் கூறவில்லை. தொடக்கத்திற்கு அது வேண்டும். எனினும் அது ஒன்றை மறைத்துவிடுகிறது. அத்தொடரை முதலில் கூறியவர் யார், எவரைப் பார்த்துக் கூறினார், எங்கு நின்று கூறினார் என்பதே அது. பிற நாட்டு மாணவர்களுக்கு இக்கேள்வி வெறும் சுவையான செய்தியாக இருக்கலாம். நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலிருந்து வந்து, லோபாக் போன்ற சிரம்பான் நகர்ப்பகுதிகளில் வேரூன்றிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ அது அவ்வாறன்று. ஆங்கிலேயர் நம் மக்களைப் பார்த்தும், நம் ஊர்த் திருவிழாவைப் பார்த்தும், நம் அண்டை வீட்டு மலாய்க்காரரைப் பார்த்தும் உருவாக்கிய தொடர்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றின் வரலாற்றை அறியாமல் பொருளை மட்டும் ஏற்பது, நம்மைப் பற்றிப் பிறர் கூறிய தீர்ப்பை நாமே ஒப்புவிப்பதாகும்.

இரு மொழிகள் சந்தித்த இடம்

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழும் ஆங்கிலமும் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் அருகருகே வாழ்ந்தன. ஆயினும் அவை சமமாகச் சந்திக்கவில்லை.

துரைமார்கள் தமிழ் கற்றனர் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். இலங்கைத் தோட்டங்களுக்காகக் கொழும்பில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொகுக்கப்பட்ட ஒரு சிறு கையேட்டின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். சின்னத் துரை சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டிய தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைத்தலைப்பு. 1915இல் வெல்ஸ் என்பவரின் 'கூலித் தமிழ்' என்னும் நூலும் அங்கு வெளிவந்தது. மலாயாவில் 1919இல் அமைந்த தோட்ட அதிகாரிகளின் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தமிழ்த் தேர்வு நடத்தியது.

இவ்வாறு கற்கப்பட்ட தமிழ் பெரும்பாலும் ஏவல் தமிழ். வா, போ, எடு, வெட்டு, நிறுத்து. 'இங்கே வா' என்னும் தலைப்பே அதற்குச் சான்று. பணிகொள்வதற்கு மரபுத்தொடர் தேவையில்லை. ஒருவரோடு உறவாடவும், நகையாடவும், துயரம் பகிரவும்தான் மரபுத்தொடர் தேவைப்படுகிறது.

மறுபுறம் தோட்டத்துப் பிள்ளைகளின் நிலை என்ன? 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருந்தால் பள்ளி அமைப்பதைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கின. அவ்வாறே தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. எழுத்தும் எண்ணும் அங்குக் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலமோ நகரத்து ஆங்கிலப் பள்ளிகளின் உடைமையாக இருந்தது. சிரம்பானில் 1899இல் தோன்றிய செயின்ட் பால் பள்ளியும், 1920களில் தோன்றிய ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பள்ளியும் தோட்டத்து லயத்திலிருந்து சில மைல் தொலைவில்தான் இருந்தன. அந்தச் சில மைல்களைக் கடந்த தோட்டப் பிள்ளைகள் மிகச் சிலரே.

ஆகவே தோட்டத் தமிழர்களின் காதில் விழுந்த ஆங்கிலமும் துண்டு துண்டானதே. 'பரேட்' என்பது 'பெரட்டு' ஆயிற்று. விடியுமுன் பெயர் கூப்பிடும் இடம் பெரட்டுக்களம் ஆயிற்று. இராணுவ அணிவகுப்பைக் குறித்த சொல் நம் பாட்டன் பாட்டிமார் வாழ்வில் அன்றாடச் சொல்லானது தற்செயல் அன்று. அவர்கள் நிறுத்தப்பட்ட முறையை அச்சொல் இன்றும் கூறிக்கொண்டிருக்கிறது.

சொற்கள் மறுதிசையிலும் சென்றன. தமிழ், மலாய், இந்துஸ்தானிச் சொற்கள் ஆங்கிலத்தினுள் புகுந்தன. அவற்றைத் தொகுத்த புகழ்பெற்ற அகராதி 'ஹாப்சன் ஜாப்சன்'. ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் ஆகிய இருவரின் உழைப்பில் உருவாகி 1886இல் வெளிவந்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். அங்குள்ள அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். நூல் வெளிவருமுன் 1882இல் மறைந்தார். அகராதியின் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. முகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்னும் துயரக்குரல் ஆங்கிலச் சிப்பாய்களின் வாயில் 'ஹாப்சன் ஜாப்சன்' எனத் திரிந்தது. ஒருவரின் அழுகுரல் மற்றவர் காதில் வேடிக்கை ஒலியாயிற்று. இனி நாம் காணவிருக்கும் தொடர்களுக்கு இப்பெயரே நல்ல முன்னுரையாகும்.

நம்முடையதுபோல் தோன்றும் ஒன்று

முதலில் ஓர் எச்சரிக்கை. ஒலி ஒத்திருப்பதால் மட்டும் எதுவும் நம்முடையது ஆகிவிடாது.

'கறி ஃபேவர்' என்று ஆங்கிலத்தில் ஒரு தொடர் உண்டு. முகத்துதி செய்து ஒருவரின் தயவைப் பெற முயல்வது என்பது அதன் பொருள். நம் மாணவர்கள் இதைக் கண்டதும், கறி சமைத்துப் படைத்து ஒருவரை மகிழ்விப்பதாக எண்ணுகின்றனர். கறி என்னும் உணவுச்சொல் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றது உண்மைதான். ஆனால் இத்தொடரில் உள்ள சொல் அதுவன்று. குதிரையின் உடலைத் தேய்த்துத் துப்புரவு செய்வதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது அது.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் 'ஃபோவேல்' என்னும் குதிரையைத் தலைவனாகக் கொண்ட அங்கத நெடும்பாடல் ஒன்று தோன்றியது. வஞ்சகத்தின் உருவமான அக்குதிரையைப் பெரிய மனிதர்கள் எல்லாரும் வரிசையில் நின்று தேய்த்துவிடுவதாகக் கதை செல்கிறது. குதிரையின் பெயர் மறந்துபோன பிற்காலத்தில், ஆங்கிலேயர் அதனைத் தமக்குத் தெரிந்த 'ஃபேவர்' என்னும் சொல்லாக மாற்றிக்கொண்டனர். தம் மொழியிலேயே ஆங்கிலேயர்களும் தவறாகக் கேட்டுத் தவறாக வழங்கியுள்ளனர் என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள். ஆங்கிலத்தின்மீதுள்ள அச்சம் சிறிது குறையும்.

ஒரே தேர், இரு பொருள்

'ஊர் கூடித் தேர் இழுத்தல்' என்பது நாம் அறிந்த வழக்கு. பலர் ஒன்றுபட்டால் பெருஞ்செயலும் கைகூடும் என்பது கருத்து. வடம் பிடிப்பவரின் பார்வையில் பிறந்த தொடர் இது.

ஆங்கிலத்திலும் ஒரு தேர் உண்டு. 'ஜகர்நாட்' என்பது அதன் பெயர். எதிர்ப்பட்ட அனைத்தையும் நசுக்கிக்கொண்டு செல்லும், தடுக்க இயலாத பெருஞ்சக்தி என்பது பொருள். பிரிட்டனில் பெரிய சரக்கு லாரிகளையும் இப்பெயரால் அழைப்பர். இச்சொல் ஒடிசாவின் பூரி நகரில் எழுந்தருளியுள்ள ஜகந்நாதரின் திருப்பெயரே ஆகும்.

14ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த ஒடோரிக் என்னும் கிறித்துவத் துறவி, பக்தர்கள் தேர்ச்சக்கரத்தின் கீழ் விழுந்து உயிர்விடுவதாக எழுதினார். 1806இல் பூரிக்குச் சென்ற கிளாடியஸ் புக்கானன் என்னும் பாதிரியார் 1811இல் வெளியிட்ட நூலில் அக்காட்சியை இன்னும் கொடூரமாக விவரித்தார். அந்நூல் இங்கிலாந்தில் பரவலாகப் படிக்கப்பட்டது. அந்நூற்றாண்டுக்குள் ஜகர்நாட் பொதுச்சொல் ஆகிவிட்டது. ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரியான வில்லியம் ஹண்டர் 1872இல் ஒரிசாவைப் பற்றி எழுதிய நூலில், இத்தகைய இறப்புகள் அரிதானவை என்றும், பெரும்பாலும் கூட்ட நெரிசலில் நேர்ந்த விபத்துகள் என்றும் எடுத்துக்காட்டினார். ஆனால் அதற்குள் சொல் வெகுதூரம் சென்றுவிட்டிருந்தது.

தேர் ஒன்றுதான். வடம் பிடித்தவர் ஒற்றுமையைக் கண்டார். தொலைவில் நின்று பார்த்தவர் அச்சத்தைக் கண்டார். இரு மரபுத்தொடர்களும் இவ்விரு பார்வைகளின் பதிவுகள். இதனை விளக்கிய பிறகு மாணவர் இரண்டையும் மறப்பதில்லை.

அமோக்

'ரன் அமோக்' என்பது மலேசிய மாணவர் அனைவருக்கும் சொந்தமான தொடர். கட்டுக்கடங்காமல் வெறிபிடித்து அலைதல் என்பது பொருள். 'அமுக்' என்னும் மலாய்ச் சொல்லே இதன் மூலம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர்களின் குறிப்புகளில் இடம்பெற்று, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்குள் வந்துவிட்டது.

மலாய் வழக்கில் அமுக் என்பது போர்க்களத்தில் உயிரை மதியாமல் பகைவர்மீது பாய்வதையும் குறித்தது. ஆங்கிலத்தில் அந்த வீரப்பொருள் உதிர்ந்துவிட்டது. திடீரெனத் தன்னிலை இழந்து கண்டவரையெல்லாம் வெட்டும் தனிமனிதனின் படிமம் மட்டும் எஞ்சியது. பேராக், சிலாங்கூர் மாநிலங்களில் ரெசிடெண்டாக இருந்தவரும், நெகிரி செம்பிலானை உள்ளடக்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் முதல் தலைமை ரெசிடெண்டுமான ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், 1895இல் வெளியிட்ட தம் மலாய்ச் சித்திரங்கள் நூலில் இதற்கென ஓர் இயலே எழுதினார். காலப்போக்கில் இது மலாய்க்காரர்களின் இயல்பாகவே பேசப்பட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேட்டிலும், குறிப்பிட்ட பண்பாட்டைச் சார்ந்த நோய்க்குறிகளின் பட்டியலில் அமோக் இடம்பெற்றது.

பொதுவிடங்களில் திடீரெனக் கொலைவெறியில் ஈடுபடுவோர் மேலைநாடுகளிலும் உள்ளனர் என்பதை இன்று உலகம் அறியும். எனினும் அச்செயலுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர் மலாய்ப் பெயர். நம் பிள்ளைகள் மலாய் நண்பர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து இத்தொடரைப் பயில்கின்றனர். நம்மைப் பற்றிய சொல் நம்மை உறுத்துவதை உணர்ந்த பிள்ளை, பிறரைப் பற்றிய சொல்லையும் கவனத்தோடு கையாளும்.

கூலி

தமிழில் கூலி என்பது உழைப்பிற்குரிய ஊதியம். அதில் இழிவு ஏதுமில்லை. ஆங்கிலத்தில் 'கூலி' என்பது மனிதன். மேற்கு இந்தியாவின் 'கோலி' என்னும் சமூகப் பெயரிலிருந்து இச்சொல் வந்தது என்போரும் உளர். தமிழ்ச்சொல்லே மூலம் என்போரும் உளர். இரண்டும் கலந்தன என்போரும் உளர். எவ்வாறாயினும், உழைப்பாளிக்குக் கொடுக்கப்பட வேண்டியதன் பெயர் அவ்வுழைப்பாளிக்கே பெயராகிவிட்டது.

தோட்டக் கணக்கேடுகளிலும் அரசு அறிக்கைகளிலும் நம் முன்னோர் இப்பெயராலேயே எண்ணப்பட்டனர். அவர்கள் குடியிருந்த லயங்கள் 'கூலி லைன்ஸ்' எனப்பட்டன. தென்னாப்பிரிக்காவில் இந்தியர் எவராயினும் அவர் 'கூலி'தான். 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்' என்று அழைக்கப்பட்டதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். சட்டம் பயின்றவரையும் அச்சொல் விட்டுவைக்கவில்லை.

இந்திய அரசு 1938இல் மலாயாவுக்கான உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. கங்காணி முறையில் ஆள் திரட்டுவது அத்துடன் முடிவுற்றது. சொல் மட்டும் முடிவுறவில்லை. இன்றும் ஆங்கிலத்தில் மிகக் குறைந்த ஊதியத்தைக் 'கூலி வேஜஸ்' என்று எழுதுவோர் உளர். ஊதியம் என்னும் பொருளுடைய சொல்லுக்குப் பின்னால் மீண்டும் ஊதியம் என்னும் சொல்லைச் சேர்க்கிறோம் என்பதை அவர்கள் அறிவதில்லை. தமிழ் மாணவர் அறியலாம் அன்றோ?

பரையா

இத்தொடர்களுள் மிகுந்த கவனம் தேவைப்படுவது இதுவே. 'சோஷியல் பரையா' என்றால் சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர். 'பரையா ஸ்டேட்' என்றால் உலக நாடுகளால் ஒதுக்கப்பட்ட நாடு. செய்தித்தாள்களில் நாள்தோறும் காணலாம். உயர்நிலைச் சொல்வளப் பட்டியல்களிலும் இடம்பெறுகிறது.

இது தமிழ்நாட்டின் ஒரு சமூகத்தினரின் பெயர். பறை என்னும் தோற்கருவியோடு தொடர்புடையது என்பது பெரும்பாலோர் கருத்து. 1613 அளவில் ஆங்கில நூலில் இடம்பெற்ற இச்சொல் தொடக்கத்தில் அச்சமூகத்தை மட்டும் குறித்தது. 1791இல் பெர்னார்டின் தெ சேன்-பியேர் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் ஓர் இந்தியக் குடிசையைப் பற்றிய கதை எழுதினார். அதில் வரும் ஒதுக்கப்பட்ட மனிதனே மெய்யறிவு உடையவன். 1821இல் டெலவீன் என்பவரின் நாடகம் ஒன்றும் இதே பெயரில் பாரிசில் அரங்கேறியது. இவ்வாறு ஐரோப்பாவில் ஒதுக்கப்பட்ட எவருக்கும் இது பொதுப்பெயர் ஆயிற்று. எழுதியவர்களுள் சிலர் பரிவோடுதான் எழுதினர். ஆனால் பரிவு மறைந்து, ஒதுக்கப்படுதல் என்னும் பொருள் மட்டும் நிலைத்தது. தெருநாய்க்கும் ஆங்கிலேயர் இதே பெயரைச் சூட்டினர்.

அச்சமூகத்தினர் இதனை வாளாவிருந்து ஏற்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து தாமே சூடிக்கொண்ட செயல் அது. வேறு சிலர் பெயரையே மாற்றக் கோரினர். எம். சி. ராஜா முதலியோரின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை ஏற்றது. இரண்டும் சுயமரியாதைக்கான வழிகளே.

இது கடல்கடந்த பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. 2011இல் நம் நெகிரி செம்பிலான் உள்ளிட்ட சில மாநிலங்களில், ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலாக 'இந்தர்லோக்' என்னும் நாவல் வைக்கப்பட்டது. தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேன் எழுதி 1971இல் வெளிவந்த நாவல் அது. இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்தவர்களை இச்சொல்லால் குறித்த பகுதி அதில் இருந்தது. பெற்றோரும் இயக்கங்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். திருத்தங்கள் பரிந்துரைக்கப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் நூல் மீட்டுக்கொள்ளப்பட்டு, அதே எழுத்தாளரின் வேறொரு நாவல் வைக்கப்பட்டது.

அவ்வேளையில் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. மலாய் நூலில் அச்சொல் நம்மைச் சுட்டெரித்தது, நியாயமே. அதே சொல்லை ஆங்கிலப் பட்டியலில் 'சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்' என்று எழுதிக் கொடுத்து மனனம் செய்யச் சொல்கிறோமே, அது மட்டும் எவ்வாறு குற்றமற்றது ஆகும்? அதற்கு மேலும் ஒரு கேள்வி உண்டு. அந்தச் சொல் எவரையும் இழிவுபடுத்தும் அளவுக்குக் கனம் பெற்றது ஐரோப்பியரால் மட்டுமா? அவர்கள் நம் ஊரில் கண்டதைத்தான் எழுதினர். அந்த ஒதுக்கலை நிகழ்த்தியவர்கள் நாமே. 'எங்களை இப்பெயரால் அழைக்காதீர்' என்று கூறும்போது, 'எவரையும் அவ்வாறு நடத்தலாகாது' என்பதையும் சேர்த்துக் கூறினால்தான் நம் குரலுக்கு அறம் துணைநிற்கும்.

வகுப்பறையிலும் இல்லத்திலும்

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. பட்டியலை ஒப்புவிக்கும் நெருக்கடி ஓரளவு தளர்ந்துள்ளது. இவ்வாய்ப்பை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். எமது அனுபவத்தில் பயன்தந்த சிலவற்றைக் கீழே தருகிறேன்.

1. வாரத்திற்கு ஒரு தொடர் போதும். அதன் பொருள், பிறந்த இடம், பயணம் செய்த மொழிகள் ஆகியவற்றை மாணவர் ஒரு வரைபடத்தில் குறிக்கட்டும். மொழிப்பாடமும் வரலாற்றுப் பாடமும் அங்கே இணையும்.

2. ஒவ்வோர் ஆங்கிலத் தொடருக்கும் இணையான தமிழ்த் தொடரையும் மலாய்த் தொடரையும் தேடச் செய்யுங்கள். கிடைக்காவிடில் ஏன் கிடைக்கவில்லை என்று கலந்துரையாடுங்கள். தேரைப் போல, ஒரே பொருளுக்கு எதிரெதிர்க் கருத்து கிடைத்தால் அது நல்ல பாடம்.

3. 'பரையா', 'கூலி' போன்ற சொற்களை மறைக்க வேண்டாம். மாணவர் அவற்றை எங்கேனும் படிக்கத்தான் போகின்றனர். படித்தால் பொருள் அறிய வேண்டும். தாம் எழுதும்போது வேறு சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ஒதுக்கப்பட்டவர்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'அவுட்காஸ்ட்' போன்ற வேறு சொற்கள் உள்ளன. அச்சொல்லையும் சாதியோடு தொடர்புடையது என மாணவர் எண்ணலாம். அது அவ்வாறன்று, வெளியே எறியப்பட்டவர் என்பதே அதன் பொருள்.

4. பெற்றோர்களே, தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியர் இன்னும் உங்கள் இல்லத்தில் இருப்பின், பெரட்டு, கிராணி, லயம், ஒட்டுப்பால் என அவர்கள் வழங்கிய சொற்களைப் பிள்ளைகள் கேட்டு எழுதிவைக்கட்டும். எந்த அகராதியிலும் முழுமையாக இல்லாத சொற்கள் அவை. அவற்றை அறிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றனர்.

தோட்டத்துப் பள்ளியில் ஆங்கிலம் மறுக்கப்பட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று ஆங்கிலத்தை விரும்பிக் கற்கின்றனர். அது மகிழ்ச்சிக்குரியது. அம்மொழியை அவர்கள் நன்றாகவே கற்கட்டும். அதன் அரிய தொடர்களையும் கையாளட்டும். ஆனால் 'இங்கே வா' என்னும் கையேட்டோடு நம்மிடம் வந்த மொழி அது என்பதையும் அறிந்து கற்கட்டும். அவ்வாறு கற்ற பிள்ளை எந்தத் தொடரை எடுப்பது, எதனை விடுப்பது என்பதைத் தானே முடிவு செய்யும்.

உங்கள் வகுப்பறைகளில் இத்தகைய சொற்களைக் கற்பித்த அனுபவம் இருப்பின் தவறாது எழுதுங்கள்.